ரொனால்டோவுக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு வேறு சட்டமா? கால்பந்தில் தடைகள் எப்படி முடிவாகின்றன?

2025 நவம்பர் 13. டப்ளினில் அயர்லாந்துக்கும் போர்ச்சுகலுக்கும் உலகக் கோப்பை தகுதிச்சுற்று ஆட்டம். அயர்லாந்து 2-0 என முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் அயர்லாந்து தடுப்பாட்ட வீரர் டாரா ஓஷேயை கிறிஸ்டியானோ ரொனால்டோ முழங்கையால் இடித்தார். நடுவர் முதலில் யெல்லோ கார்டுதான் காட்டினார். விஏஆர் சொன்னதும் மைதான ஓரத்தில் இருந்த திரையில் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து ரெட் கார்டைத் தூக்கினார். போர்ச்சுகலுக்காக 226 ஆட்டங்கள் ஆடிய ரொனால்டோவுக்கு அதுதான் முதல் ரெட் கார்டு.

முழங்கையால் இடித்தால் குறைந்தது 3 ஆட்டத் தடை என்று ஃபிஃபாவின் ஒழுங்கு விதி சொல்கிறது. அடுத்து நடந்த அர்மேனியா ஆட்டத்தில் ரொனால்டோ ஆடவில்லை, போர்ச்சுகல் 9-1 என ஜெயித்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. மீதி இருந்தது 2 ஆட்டத் தடை. நட்பு ஆட்டங்கள் தடைக் கணக்கில் சேராது. அதாவது 2026 உலகக் கோப்பையின் முதல் இரண்டு ஆட்டங்களையும் அவர் வெளியே உட்கார்ந்துதான் பார்த்திருக்க வேண்டும்.

நவம்பர் 25-ம் தேதி ஃபிஃபாவின் முடிவு வந்தது. தடை 3 ஆட்டம்தான். ஆனால் அதில் 2 ஆட்டங்கள் ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்படுகின்றன. அதற்குள் இதே மாதிரி மறுபடி செய்தால் அந்த 2 ஆட்டங்களும் உடனே அமலுக்கு வரும். செய்யாவிட்டால் இல்லை.

அவ்வளவுதான், சமூக வலைதளங்கள் கொதித்துவிட்டன. "வேற ஒருத்தரா இருந்தா விட்டிருப்பாங்களா?" என்பதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் ஒரே வரியில் இல்லை. ஒரே மாதிரி தப்புக்கு வெவ்வேறு தண்டனை என்பது கால்பந்தில் புதிதும் அல்ல, ரொனால்டோவோடு தொடங்கியதும் அல்ல.

இதற்கு முன் இப்படி நடந்ததே இல்லையா?

நடந்திருக்கிறது. 2011 அக்டோபரில் மான்டினீக்ரோவுக்கு எதிரான ஆட்டத்தில், இங்கிலாந்தின் வெய்ன் ரூனி எதிரணி வீரரைக் காலால் உதைத்து ரெட் கார்டு வாங்கினார். ஐரோப்பிய கால்பந்து அமைப்பான யூஃபா 3 ஆட்டத் தடை விதித்தது. அப்படியே இருந்திருந்தால் 2012 யூரோ கோப்பையின் குரூப் சுற்று முழுக்க அவர் இல்லை. இங்கிலாந்து மேல்முறையீடு செய்தது. மூன்றாவது ஆட்டத் தடை நிறுத்திவைக்கப்பட்டது. பிரான்ஸ், ஸ்வீடன் ஆட்டங்களைத் தவறவிட்ட ரூனி, யுக்ரேனுக்கு எதிராகத் திரும்பி வந்து கோலும் அடித்தார்.

ஆக, தடையின் ஒரு பகுதியை நிறுத்திவைப்பது ரொனால்டோவுக்காகக் கண்டுபிடித்த விஷயம் கிடையாது. ஃபிஃபா விதிப் புத்தகத்தின் 27-வது பிரிவிலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் ரூனிக்கு மூன்றில் ஒன்றுதான் தள்ளுபடி. அதுவும் மேல்முறையீட்டில் வாதாடி வாங்கியது. ரொனால்டோவுக்கு மூன்றில் இரண்டு, முதல் முடிவிலேயே.

மறுபக்கமும் உண்டு. குரோஷியாவின் மரியோ மாண்ட்சுகிச் 2013 நவம்பரில் ஐஸ்லாந்துக்கு எதிரான கடைசித் தகுதி ஆட்டத்தில் ரெட் கார்டு வாங்கினார். 2014 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம், பிரேசிலுக்கு எதிராக, உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. மாண்ட்சுகிச் அதில் ஆட முடியவில்லை. யாரும் எதையும் நிறுத்திவைக்கவில்லை.

எனக்குத் தெரிந்தவரை சிக்கல் சலுகை கொடுத்ததில் இல்லை. அதற்குக் காரணம் சொல்லாததில்தான் இருக்கிறது. ஃபிஃபாவின் அறிவிப்பு 27-வது பிரிவைக் குறிப்பிட்டது, நிபந்தனையைச் சொன்னது. ஏன் இவருக்கு, ஏன் இரண்டு ஆட்டம் என்பதை அந்த அறிவிப்பு சொல்லவில்லை. 226 ஆட்டங்களில் முதல் ரெட் கார்டு என்பது காரணமாக இருந்தால், அதை எழுதியிருந்தால் போதும், பாதிப் பேர் ஒப்புக்கொண்டிருப்பார்கள். அந்த முடிவு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் வெள்ளை மாளிகையில் நடந்த விருந்தில் ரொனால்டோவும் ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோவும் கலந்துகொண்டிருந்தார்கள். இரண்டையும் முடிச்சுப் போட எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் காரணம் எழுதப்படாத இடத்தை வதந்திதான் நிரப்பும்.

யார் தண்டிக்கிறார்கள்?

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இந்த இடம் கொஞ்சம் குழப்பும். 2024 டிசம்பரில் மெல்போர்னில் சாம் கான்ஸ்டஸை விராட் கோலி தோளால் இடித்தபோது, மேட்ச் ரெஃப்ரி அன்றைக்கே முடித்துவிட்டார். ஆட்டச் சம்பளத்தில் 20 சதவீத அபராதம், ஒரு டிமெரிட் புள்ளி. சர்வதேச கிரிக்கெட் முழுவதற்கும் ஐசிசியின் ஒரே விதிப் புத்தகம்.

கால்பந்தில் அப்படி இல்லை. உலகக் கோப்பை என்றால் ஃபிஃபா. யூரோ, சாம்பியன்ஸ் லீக் என்றால் யூஃபா. உள்ளூர் லீக் என்றால் அந்தந்த நாட்டு சங்கம், அமெரிக்காவில் லீக்கே தண்டிக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனிக் குழு, தனி மேல்முறையீடு. அதற்கு மேல், கிளப் தானாகவும் அபராதம் போடலாம். இங்கிலாந்தில் பொதுவாக இரண்டு வாரச் சம்பளம் வரைக்கும்.

இதன் விளைவைப் பார்க்க ஒரே ஒரு ஆள் போதும். உருகுவேயின் லூயிஸ் சுவாரெஸ்.

அவர் மூன்று முறை எதிரணி வீரர்களைக் கடித்திருக்கிறார். விளையாட்டாகச் சொல்லவில்லை, பல்லால்தான். 2010 நவம்பரில் நெதர்லாந்தில் அயாக்ஸுக்கு ஆடியபோது பிஎஸ்வி அணியின் ஓட்மன் பக்காலை, தோளுக்கும் கழுத்துக்கும் இடையில். டச்சு சங்கம் 7 ஆட்டத் தடை கொடுத்தது. 2013 ஏப்ரலில் லிவர்பூலுக்கு ஆடியபோது செல்சியின் பிரானிஸ்லாவ் இவானோவிச்சை, கையில். இங்கிலாந்து கால்பந்து சங்கம் 10 ஆட்டம் கொடுத்தது. 2014 ஜூனில் பிரேசில் உலகக் கோப்பையில் இத்தாலியின் ஜார்ஜியோ கியெல்லினியை, தோளில். ஃபிஃபா 9 சர்வதேச ஆட்டத் தடையும், அதோடு 4 மாதம் கால்பந்து சம்பந்தப்பட்ட எதிலும் ஈடுபடக் கூடாது என்ற தடையும், ஒரு லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது.

7, 10, 9 + 4 மாதம். இதில் முரண்பாடு இருக்கிறதா? மறுபடி மறுபடி செய்கிறவருக்குத் தண்டனை கூடுவது இயல்புதான் என்று சொல்லலாம். ஆனால் அந்த 4 மாதத்தை யார் அனுபவித்தார்கள் என்று பாருங்கள். கடி நடந்தது உருகுவே சட்டையில். அந்தக் கோடையில் சுவாரெஸை வாங்கிய பார்சிலோனா, அவரை அக்டோபர் 25 வரை களத்தில் இறக்க முடியவில்லை. முதலில் பயிற்சிக்குக்கூட வரக் கூடாது என்றுதான் இருந்தது. விளையாட்டுகளுக்கான சர்வதேச நடுவர் மன்றம் ஆகஸ்டில் அதை மட்டும் தளர்த்தியது.

பாதிக்கப்பட்ட அணிக்கு என்ன கிடைத்தது?

இந்தக் கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை.

கியெல்லினி தோளைத் திறந்து பல் தடத்தைக் காட்டியும், நடுவர் அதைப் பார்க்கவில்லை என்பதால் ஆட்டம் தொடர்ந்தது. சற்று நேரத்தில் உருகுவே கோல் அடித்தது. 1-0. இத்தாலி உலகக் கோப்பையில் இருந்தே வெளியேறியது. இரண்டு நாள் கழித்து ஃபிஃபா தடை விதித்தபோது அதனால் பயனடைந்தது யார்? அடுத்த சுற்றில் சுவாரெஸ் இல்லாத உருகுவேயைச் சந்தித்த கொலம்பியா. 2-0 என்று ஜெயித்தது. கடிபட்டது இத்தாலி, நிவாரணம் கொலம்பியாவுக்கு.

ஆட்டம் முடிந்த பிறகு வரும் எந்தத் தடைக்கும் இந்த ஓட்டை உண்டு. இவானோவிச்சைக் கடித்த அன்றும் நடுவர் கவனிக்கவில்லை. அதே சுவாரெஸ்தான் கூடுதல் நேரத்தின் கடைசியில் கோல் அடித்து ஆட்டத்தை 2-2 என டிரா ஆக்கினார். 10 ஆட்டத் தடை வந்தது, ஆனால் செல்சி இழந்த 2 புள்ளி திரும்ப வரவில்லை. ரொனால்டோ விஷயத்தில் குறைந்தபட்சம் இது நடக்கவில்லை. அவரை அன்றே வெளியே அனுப்பினார்கள், அயர்லாந்து அன்றே ஜெயித்தது.

நடுவர் பார்த்துவிட்டால் தப்பிக்கலாமா?

கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் பல வருடம் அப்படித்தான் இருந்தது. களத்தில் நடுவர் எடுத்த முடிவே இறுதி, அதை மறுநாள் குழு உட்கார்ந்து மாற்றக் கூடாது என்பது கால்பந்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. காரணமும் புரிகிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் திங்கள்கிழமை கோர்ட்டில்தான் முடியும். ஆகவே நடுவர் பார்க்காமல் விட்ட தப்பைப் பின்னால் தண்டிக்கலாம். அவர் பார்த்து, குறைவாகத் தண்டித்த தப்பைத் தொட முடியாது.

2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நினைவிருக்கிறதா? நெதர்லாந்தின் நைஜல் டி யோங், ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் நெஞ்சில் பூட்ஸ் காலை வைத்தார். நடுவர் ஹோவர்ட் வெப் யெல்லோ கார்டோடு விட்டார். அது ரெட் கார்டு கொடுத்திருக்க வேண்டியது என்று பின்னாளில் வெப்பே ஒப்புக்கொண்டார். அன்றைக்கு கார்டு காட்டியாகிவிட்டது, கதை முடிந்தது.

2013 மார்ச்சில் விகன் அணியின் கேலம் மெக்மனமன், நியூகாசிலின் மசாடியோ ஹைடராவின் முழங்காலில் பாய்ந்தார். ஹைடராவை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கார்டுகூட இல்லை. இங்கிலாந்து சங்கமும் நடவடிக்கை எடுக்கவில்லை. காரணம், நடுவர் குழுவில் ஒருவர் அந்த மோதலைப் பார்த்திருந்தார், ஆனால் அது எவ்வளவு மோசமானது என்பதை முழுசாகப் பார்க்கவில்லை! பார்த்தும் பார்க்காத இந்த நிலைதான் மெக்மனமனைக் காப்பாற்றியது. அந்தக் கோடையிலேயே சங்கம் விதியைத் திருத்தி, இப்படிப்பட்ட சம்பவங்களையும் விசாரிக்க வழி செய்தது.

ஆனால் விதியை மீற முடியவே முடியாதா என்றால், மீறியிருக்கிறார்கள். 2006 ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டியின் பென் தாட்சர், போர்ட்ஸ்மவுத்தின் பெட்ரோ மெண்டஸை முழங்கையால் தாக்கினார். மெண்டஸ் நினைவிழந்து விழுந்தார், மருத்துவமனைக்குப் போகும் வழியில் வலிப்பு வந்தது. நடுவர் காட்டியது யெல்லோ கார்டுதான். அப்படியிருந்தும் சங்கம் இதை விதிவிலக்காக எடுத்துக்கொண்டு தாட்சருக்கு 8 ஆட்டத் தடையும், நிறுத்திவைக்கப்பட்ட 15 ஆட்டத் தடையும் கொடுத்தது. தாட்சருக்கு விதிவிலக்கு, டி யோங்குக்கு இல்லை. எது விதிவிலக்கு என்பதை யார் தீர்மானிப்பது? அந்தந்த அமைப்புதான். ரசிகர்களுக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஒரே வருடம், ஒரே சங்கம், ஒரே குற்றம்: 8-ம் 4-ம்

வெவ்வேறு அமைப்புகள் என்பதால் வித்தியாசம் என்று சொன்னோம். ஒரே அமைப்புக்குள்ளேயே வந்தால்?

2011 அக்டோபர் 15. ஆன்ஃபீல்டில் நடந்த ஆட்டத்தில் சுவாரெஸ் தன்னை நிறத்தைச் சொல்லித் திட்டினார் என்று மான்செஸ்டர் யுனைடெட் வீரர் பாட்ரிஸ் எவ்ரா புகார் கொடுத்தார். சரியாக எட்டு நாள் கழித்து, அக்டோபர் 23, லண்டனில் இன்னொரு ஆட்டம். அப்போதைய இங்கிலாந்து கேப்டன் ஜான் டெர்ரி, குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் வீரர் ஆன்டன் ஃபெர்டினாண்டை நிறவெறியோடு திட்டியதாகக் குற்றச்சாட்டு.

சுவாரெஸுக்கு டிசம்பரிலேயே 8 ஆட்டத் தடை, 40 ஆயிரம் பவுண்டு அபராதம். டெர்ரிக்கு அடுத்த வருடம் செப்டம்பரில் 4 ஆட்டத் தடை, 2 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டு அபராதம். வெளிநாட்டுக்காரருக்கு எட்டு, இங்கிலாந்து கேப்டனுக்கு நாலா என்று அன்று எழுந்த கேள்வி இன்றும் அடங்கவில்லை.

சங்கத்தின் விளக்கம் இது. திட்டினால் அப்போது வழக்கமான தடை 2 ஆட்டம். அதில் நிறம், இனம் கலந்திருந்தால் இரட்டிப்பு. ஆக 4 ஆட்டம் என்பது இரண்டு பேருக்கும் பொதுவான தொடக்கப் புள்ளி. சுவாரெஸ் அந்த வார்த்தையை ஏழு முறை சொன்னதாகக் குழு முடிவுக்கு வந்தது, அதனால் 4 என்பது 8 ஆனது. டெர்ரி சொன்னது ஒரு முறை, அதனால் 4-லேயே நின்றது. சுவாரெஸ் வழக்கின் தீர்ப்பு 115 பக்கம். பொதுவில் வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் படித்துப் பார்த்து, ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம்.

என் கருத்து கேட்டால், அந்த விளக்கம் கணக்குக்குச் சரி. ஆனால் ஒரு முறை சொன்னாலும் ஏழு முறை சொன்னாலும் கேட்டவர் ஒருவர்தானே என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. சங்கத்துக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். 2013-ல் இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சம் 5 ஆட்டம் என்று மாற்றினார்கள். 2013 டிசம்பரில் யூத எதிர்ப்புச் சைகை காட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்ட நிக்கோலா அனெல்காவுக்கு அந்த 5 கிடைத்தது. பிறகு அதையும் கூட்டி 6 முதல் 12 ஆட்டம் என்ற வரம்பு வந்தது.

டெர்ரி வழக்கில் இன்னொரு குழப்பமும் உண்டு. கோர்ட் அவரை விடுதலை செய்துவிட்டது, 2012 ஜூலையில். பிறகு எப்படி சங்கம் தண்டித்தது? இரண்டுக்கும் அளவுகோல் வேறு. கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். சங்கத்தின் விசாரணையில், நடந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று குழுவுக்குப் பட்டால் போதும். நம்ம ஊரில் கோர்ட் விடுவித்த அரசு ஊழியர் மீது துறைரீதியான நடவடிக்கை தொடர்வதில்லையா, அதே கதைதான்.

ஃபெர்டினாண்ட் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே பல வருடம் ஆனது. 2020-ல் பிபிசிக்காக அவர் எடுத்த ஆவணப்படத்தில்தான் மனம் திறந்தார். எவ்ராவுக்கும் நல்ல அனுபவம் இல்லை. தடை அறிவிக்கப்பட்ட மறுநாள் லிவர்பூல் வீரர்கள் சுவாரெஸ் படம் போட்ட டி-சர்ட் அணிந்து பயிற்சிக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜேமி காராகர், 2019-ல் தொலைக்காட்சி நேரலையில் எவ்ராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். எட்டு வருடம் கழித்து.

வார்த்தை ஒன்று, அர்த்தம் இரண்டு

2020 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் எடின்சன் கவானி, வாழ்த்துச் சொன்ன நண்பருக்கு இன்ஸ்டாகிராமில் நன்றி சொல்லும்போது 'நெக்ரிட்டோ' என்று எழுதினார். 3 ஆட்டத் தடை, ஒரு லட்சம் பவுண்டு அபராதம். உருகுவேயில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அந்த நாட்டு மொழி அகாடமியே அறிக்கை விட்டது, எங்கள் ஊரில் இது பாசமான வார்த்தை என்று. நம் பக்கம் "டேய் கருப்பா" என்று நண்பனைக் கூப்பிடுவோமே, அது மாதிரி. அந்த வார்த்தையைப் பாசமாகக் கேட்டு வளர்ந்தவர்களும் நம்மிடையே உண்டு, வலியோடு கேட்டு வளர்ந்தவர்களும் உண்டு.

அதற்கு ஒரு வருடம் முன்னால் மான்செஸ்டர் சிட்டியின் பெர்னார்டோ சில்வா, சக வீரர் பெஞ்சமின் மெண்டியைக் கேலி செய்து போட்ட ட்விட்டர் பதிவுக்குக் கிடைத்தது 1 ஆட்டம்தான். சில்வாவுக்கு ஒன்று, கவானிக்கு மூன்றா? இங்கே பாரபட்சம் இல்லை. இடையில் விதி மாறிவிட்டது. சமூக வலைதளப் பதிவுக்கும் குறைந்தது 3 ஆட்டம் என்று சங்கம் கொண்டுவந்திருந்தது. கவானிக்கு நேரம் சரியில்லை.

2024-ல் டாட்டன்ஹாமின் ரோட்ரிகோ பென்டான்கூர், தன் அணித் தோழர் சன் ஹியுங் மின்னைப் பற்றி உருகுவே டிவி பேட்டியில், கொரியர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருப்பார்கள் என்ற தொனியில் பேசினார். சன் மன்னித்துவிட்டேன் என்றார். சங்கம் 7 ஆட்டத் தடை விதித்தது, ஒரு லட்சம் பவுண்டு அபராதம். கிளப் தண்டனையைக் குறைக்கக் கேட்டது, நடக்கவில்லை.

உதைத்தவருக்கு 12 ஆட்டம், பந்தயம் கட்டியவருக்கு 18 மாதம்

2012 மே மாதம், பிரீமியர் லீக்கின் கடைசி நாள். மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக ஆடிய ஜோயி பார்டன், கார்லோஸ் டெவஸை அடித்து ரெட் கார்டு வாங்கினார். வெளியே போகிற வழியில் செர்ஜியோ அகுவேரோவை உதைத்தார், வின்சென்ட் கொம்பனியை முட்டப் போனார். 12 ஆட்டத் தடை. கொஞ்ச நாளில் பிரான்சின் மார்செய் அணிக்குக் கடனாகப் போனார். தடை பிரெஞ்சு லீக்கிலும் தொடர்ந்தது, ஆனால் யூஃபாவின் யூரோப்பா லீக்குக்குப் பொருந்தவில்லை. ஆகவே வார நடுவில் ஆடுவார், வார இறுதியில் உட்கார்ந்திருப்பார்.

அதே பார்டனுக்கு 2017-ல் 18 மாதத் தடை. யாரையும் அடிக்கவில்லை. பத்து வருடத்தில் 1,260 முறை கால்பந்து ஆட்டங்கள் மீது பந்தயம் கட்டியதற்காக. மேல்முறையீட்டில் கிட்டத்தட்ட 5 மாதம் குறைந்தது. 2023-ல் பிரென்ட்ஃபோர்டின் ஐவன் டோனிக்கும் இதே மாதிரி 232 விதிமீறல்களுக்காக 8 மாதம். 1995-ல் ரசிகர் ஒருவரைப் பாய்ந்து உதைத்த எரிக் கன்டோனாவுக்குக் கிடைத்ததும் 8 மாதம்தான்.

ஏன் இவ்வளவு? ஆட்டக்காரரே பந்தயம் கட்டினால், ஆட்டம் நிஜமா என்ற சந்தேகம் வந்துவிடும். சந்தேகம் வந்தால் தொழிலே போச்சு. அது சரிதான். ஆனால் டோனி தடை வாங்கிய சீசனில் அவர் சட்டையின் முன்பக்கத்தில் இருந்ததே ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர். அவருக்குச் சூதாட்டப் பழக்க நோய் இருப்பதைக் குழு ஏற்றுக்கொண்டு தண்டனையைக் குறைத்தது என்பதையும் சேர்த்துப் படித்தால், எது யாருடைய தப்பு என்று யோசிக்கத்தான் தோன்றும். சட்டையின் முன்பக்க விளம்பரங்களை 2025-26 சீசனோடு கைவிட பிரீமியர் லீக் கிளப்புகள் ஒப்புக்கொண்டன.

நடுவர் மேல் கை வைத்தால்? நடுவர் கை வைத்தால்?

2023 மார்ச்சில் ஃபுல்ஹாமின் அலெக்சாண்டர் மித்ரோவிச், ஓல்டு டிராஃபோர்டில் நடுவர் கிறிஸ் கவனாவின் கையைப் பிடித்துத் தள்ளினார். 8 ஆட்டத் தடை, 75 ஆயிரம் பவுண்டு அபராதம். 1998-ல் நடுவரைத் தள்ளி விழவைத்த பாலோ டி கனியோவுக்கு 11 ஆட்டம் கிடைத்தது. ஆனால் மித்ரோவிச் சம்பவத்துக்கு இரண்டு வாரம் முன்னால் லிவர்பூலிடம் 7-0 என்று அடிவாங்கிய ஆட்டத்தில், யுனைடெட்டின் புருனோ ஃபெர்னாண்டஸ் உதவி நடுவரைக் கையால் தள்ளியது கேமராவில் தெரிந்தது. அவர் மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. வேகம் வேறு, நோக்கம் வேறு என்று வாதிடலாம். ஃபுல்ஹாம் ரசிகரிடம் அந்த வாதம் எடுபடாது.

அடுத்த மாதமே தலைகீழாக ஒன்று நடந்தது. லிவர்பூலின் ஆண்டி ராபர்ட்சன் இடைவேளை நேரத்தில் பேச வந்தபோது, உதவி நடுவர் கான்ஸ்டன்டின் ஹாட்சிடாகிஸின் முழங்கை அவர் முகத்துக்கு நேரே போனது. விசாரணை நடந்தது. ஹாட்சிடாகிஸ் மன்னிப்புக் கேட்டார், தடை எதுவும் விதிக்கப்படவில்லை.

நடுவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டிவியில் வராத சின்ன மைதானங்களில் அடி வாங்குகிற நடுவர்களுக்காக, அதே 2023-ல் இங்கிலாந்தில் உடலில் மாட்டும் கேமராவைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெரிய மைதானத்தில் நடப்பதைத்தான் அங்கே ஆடும் பசங்க காப்பி அடிக்கிறார்கள். மித்ரோவிச்சுக்கு 8 என்றால் 8. ஹாட்சிடாகிஸை ஏன் விட்டார்கள் என்பதற்கும் அதே அளவு விவரமான அறிக்கை வந்திருக்கலாம்.

தடை வந்தும் பயனில்லாதபோது

2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மார்கோ மட்டெராசியின் நெஞ்சில் தலையால் முட்டிய ஜினடின் ஜிடானுக்கு ஃபிஃபா கொடுத்தது 3 ஆட்டத் தடை. அவரோ ஏற்கெனவே ஓய்வு பெற்றாகிவிட்டது. தடைக்குப் பதிலாக மூன்று நாள் ஃபிஃபாவின் சமூகப் பணிகளில் கலந்துகொண்டார். வாயால் சீண்டிய மட்டெராசிக்கு 2 ஆட்டம். முட்டியதற்கும் பேசியதற்கும் ஒரே ஒரு ஆட்டம்தான் வித்தியாசம் என்பது இத்தாலியர்களை இன்றும் கடுப்பேற்றும்.

சுவாரெஸ் கதையும் முடிந்தபாடில்லை. 38 வயதில், 2025 ஆகஸ்ட் 31 அன்று, லீக்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் இன்டர் மயாமி தோற்றதும், சியாட்டில் அணி ஊழியர் ஒருவர் மேல் துப்பினார். லீக்ஸ் கோப்பை 6 ஆட்டத் தடை விதித்தது. அந்தப் போட்டி வருடத்துக்கு ஒரு முறைதான் வரும், ஆகவே அந்த 6 ஆட்டத்தால் உடனே எந்த இழப்பும் இல்லை. அமெரிக்க லீக்கான எம்எல்எஸ் அதைக் கவனித்து, தன் பங்குக்கு 3 லீக் ஆட்டத் தடையைச் சேர்த்தது. இரண்டு அமைப்புகள் இருப்பதால் ஓட்டை விழுந்தது, இரண்டு அமைப்புகள் இருந்ததால்தான் அடைபடவும் செய்தது.

ரொனால்டோவின் நிறுத்திவைக்கப்பட்ட 2 ஆட்டங்கள் 2026 நவம்பர் வரை கணக்கில் இருக்கும். அதற்குள் இதே மாதிரி, இதே அளவு கடுமையான இன்னொரு தப்பு நடந்தால், அடுத்து வரும் ஆட்டத்திலிருந்தே அவர் வெளியே உட்கார வேண்டும்.